மேசையின் இடப்பக்கம்

கோப்பையை நிமிர்த்துவதற்குள் மேல் காகிதம் பாதிக் காபியைக் குடித்துவிட்டது.

கோப்பு சார் கைக்குட்டையைத் தேடினார். லிஃப்ட் பராமரிக்கும் அந்தக் கம்பெனியின் பதிவறை அவர் பொறுப்பு. அதனால் வந்த பெயர் அது. பழைய தாள்களை ஸ்கேன் செய்து, அசலும் நகலும் ஒன்றே என்று சான்று போட்டால்தான் நகல் சட்டப்படி செல்லும். பிறகு அசலை இயந்திரத்தில் போட்டு அரைத்துவிடலாம். ஸ்கேன் செய்து சான்று போடும் வேலைக்கு ஓர் அக்கா வந்திருந்தார். மேசையின் இடப்பக்கம் இருந்தால் ஸ்கேனுக்கு, வலப்பக்கம் இருந்தால் அரைக்க. இந்த ஏற்பாடு கோப்பு சாரின் சொந்த மூளை. அதில் அவருக்குப் பெருமை வேறு.

நனைந்தது இடப்பக்கக் கட்டு. மேலே இருந்ததோ ஆஸ்பத்திரி லிஃப்டைப் போன வருஷம் சோதித்த தாள். லைசென்ஸைப் புதுப்பிக்க நாளை ஆய்வாளர் வருகிறார். அவர் முதலில் கேட்கப்போவதே அதைத்தான்.

"ஸ்கேன் ஆகிறதுக்கு முன்னாடி ஒரு தாள் கெட்டாலும் நீங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்று மேலாளர் அம்மா காலையில்தான் சொல்லியிருந்தார்.

கைக்குட்டையால் துடைத்தார். மெக்கானிக்கின் கையெழுத்து நீலக் குளமாகி, தேதியையும் இழுத்துக்கொண்டது. மனைவிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

"ஏங்க, துடைச்சிடாதீங்க. ஒத்தி எடுங்க."

கோப்பு சார் நீலமாகிப்போன கைக்குட்டையைப் பாக்கெட்டுக்குள் திணித்தார்.

"துடைச்சிட்டீங்களா?"

"ம்."

"பதினெட்டு வருஷமா உங்க சட்டையோட மல்லுக்கட்டறவ சொல்றேன். இனி அது தேறாது."

கோப்பு சார் போனை வைத்தார். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். பழைய சோதனைப் புத்தகத்தின் கடைசியில் எழுதாத தாள் ஒன்று இருந்தது. நகல் எடுப்பதுதானே வேலை, இயந்திரம் எடுத்தால் என்ன, நான் எடுத்தால் என்ன என்று மனசைத் தேற்றிக்கொண்டு, வரிக்கு வரி எழுதி முடித்தார். கீழ்த்தளத்தில் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கை ஆள் விட்டு வரவழைத்தார்.

"அண்ணே, இதுல ஒரு கையெழுத்து போடுங்க."

மெக்கானிக் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. போட்டார். போட்ட வேகத்தில் கீழே தேதியும் போட்டார்.

"என்னண்ணே! இன்னைக்குத் தேதி போட்டுட்டீங்க!"

"கையெழுத்துப் போட்டா தேதியும் போடணும்னு நீங்கதானே சார் எங்களைப் பழக்கினீங்க?"

மெக்கானிக் போய்விட்டார். தாளில் அவருடைய கிரீஸ் விரல் தடம் ஒன்றும் மிச்சம். வேறு வெற்றுத் தாளும் கிடையாது. தேதியைத் திருத்தினார், அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பிளேடால் சுரண்டினார்; ஓட்டை விழுந்தது. வெளியே செருப்புச் சத்தம். மேலாளர் அம்மா!

பழைய தாளைப் பாய்ந்துபோய் அரைக்கும் இயந்திரத்தில் திணித்தார். அது கறமுறவென்று விழுங்கியது. புதுத் தாளில் தேதி மட்டும் பல்லை இளித்தது. வேறு வழி தெரியாமல், கோப்பையின் அடியில் மிஞ்சியிருந்த காபியை எடுத்து அவரே அதன்மேல் ஊற்றினார்.

மேலாளர் அம்மா சொட்டச் சொட்ட அதைத் தூக்கிப் பிடித்தார். "என்ன இது?"

"ஆஸ்பத்திரி தாள் மேடம். அசல். தவறிக் கொட்டிடுச்சு." இரண்டு மணி நேரம் பாடுபட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் விடவில்லை. "சத்தியமா இதான் அசல் மேடம்!"

மேலாளர் அம்மா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு அவர் வாயைத் திறப்பதற்குள், அடுத்த கட்டை எடுக்க வந்த ஸ்கேன் அக்கா கோப்பு சாருக்கு எதிரே வந்து நின்றார். அவருடைய வலது கை கோப்பு சாரின் இடப்பக்கக் கட்டைத் தொட்டது.

"ஆஸ்பத்திரி தாளா? அது முந்தாநாளே ஸ்கேன் ஆகி, சான்று போட்டு, ஆய்வாளர் ஆபீசுக்கும் போயாச்சே மேடம். அரைக்கிறதுக்குன்னு, இதோ, இதே மாதிரி எதிர்ல நின்னு என் வலது கைப் பக்கமாத்தான் வச்சேன். இந்நேரம் அது அரைபட்டிருக்கணுமே. அப்போ உங்க கையில இருக்கற அசல் எது?"