பெண் பார்க்கப் போன மொட்டைத் தலை

பிள்ளைகளே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்குக் கனவு எது, நிஜம் எது என்பது கொஞ்சம் குழம்பும். ஐந்தாவது படிக்கும்போது வீட்டுப்பாடக் கணக்கையெல்லாம் கனவிலேயே போட்டுவிட்டு, வெறும் நோட்டோடு போய் அடி வாங்கியவன் நான். (அத்தனை விடையும் சரி. அதைச் சொன்னதற்குத் தனியாக ஒரு அடி.)

இதெல்லாம் சின்ன விஷயம். பெரியது என் கல்யாண விஷயத்தில் நடந்தது.

அப்போது அம்மையார்குப்பத்தில் பவர்லூமில் ராத்திரி ஷிப்டு பார்த்தேன். தூக்கம் பகலில். ஒருநாள் வேலை முடிந்து வந்து படுத்தேன்; மறுநாள் ஆர்.கே.பேட்டையில் பெண் பார்க்கப் போக வேண்டும். அதற்கு முன் இரண்டு வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் போனால் அடுத்த வருஷம்தான் என்று நைனா, அதாவது என் அப்பா, சொல்லிவிட்டார்.

தூங்கிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தபடி சொன்னாள்: "நீ மூணு வயசுல காய்ச்சல்ல கெடந்தப்போ திருத்தணிக்கு முடி குடுக்கறதா வேண்டிக்கினேன்டா. பொண்ணு பாக்கறதுக்கு முன்ன குடுத்துட்டு வந்துடு."

எழுந்தேன். வீட்டில் யாருமில்லை. பாய்க்குப் பக்கத்தில் பூண்டுத் தோல் கிடந்தது. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? பஸ் பிடித்துத் திருத்தணிக்குப் போனேன். மலையில் முடி எடுப்பவர், "மீசையாவது இருக்கட்டுமா?" என்று கேட்டார். சாமி காரியத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று அதையும் கொடுத்துவிட்டேன்.

தலையில் சந்தனத்தோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

"இன்னாடா இது கோலம்?" என்றாள் அம்மா.

"நீதான சொன்ன?"

"நான் எங்கடா சொன்னேன்? பூண்டு உரிச்சிகினு இருந்தேன். வாயே தொறக்கல."

நைனா என் தலையைச் சுற்றி வந்து பார்த்தார். "போட்டோவுல இருக்கறவன் எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?" என்றார்.

அதையேதான் கேட்டார்கள். மறுநாள் பெண்ணின் அப்பா, செல்போனில் என் போட்டோவை வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் மூவரையும் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் தெருவையும் பார்த்தார்.

"மாப்பிள வண்டிய நிறுத்திகினு இருக்காருங்களா?"

"இவன்தாங்க," என்றார் நைனா, யாரோ ஒருவனைக் காட்டுவதுபோல.

உள்ளே உட்கார்ந்தோம். பெண்ணின் அப்பா விடவில்லை. "இன்னா வேண்டுதலுங்க?" என்றார். அம்மா நைனாவைப் பார்த்தாள். நைனா மின்விசிறியைப் பார்த்தார். மூன்றாவது இடமும் போகப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்லவும் எனக்கு வராது.

"கனவுல எங்கம்மா சொன்னாங்க. நெஜம்னு நெனச்சிட்டேங்க," என்றேன்.

அவர் போனை மடியில் கவிழ்த்து வைத்தார். அது நல்ல அறிகுறியாகத் தெரியவில்லை. அந்த நேரம் பெண் காபித் தட்டோடு வந்தாள். பெயர் ரேணுகா. குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"அம்மா சொன்னாங்கன்னா ஒடனே போய்ட்டீங்களா?"

"ஆங்."

"மீசையும் எடுக்கச் சொன்னாங்களா?"

"அது நானா குடுத்ததுங்க."

அவள் அப்பாவிடம் திரும்பினாள். "நைனா, நேர்ல நூறு வாட்டி சொன்னாலும் காதுல வாங்காத ஆளுங்கதான் ஊர் முச்சூடும். இவரு கனவுல ஒரு வாட்டி சொன்னதுக்கே செஞ்சிருக்காரு."

அவர் போனை நிமிர்த்தி, போட்டோவையும் என் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. முடி வளரட்டும், முகூர்த்தம் வச்சிக்கலாம். மீசையும் வரட்டும்," என்றார்.

வைத்தார்கள். எங்கள் கல்யாணப் போட்டோவில் என் தலை தேய்ந்த பாட்டில் பிரஷ்போல இருக்கும்.

இன்றும் காய்கறிப் பையோடு நான் வீட்டுக்குள் நுழைந்தால் ரேணுகா முதலில் கேட்பது ஒன்றுதான்: "இத நான் சொன்னனா, உன் கனவுல வந்தவ சொன்னாளா?"

போன வாரம் இரண்டு கிலோ பாகற்காய் வாங்கி வந்தேன். அவள் சொல்லவே இல்லையாம். பையை அப்படியே என் கையில் கொடுத்தாள்.

"போய்ப் படு. அவளே வந்து சமைச்சிப் போடுவா."