பதில் சொல்லாத டியூஷன் டீச்சர்

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மூத்த மைத்துனன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம்; என் புகழ் மட்டும் அளவுக்கு மீறிப் பரவி, தெருவில் தலைகாட்ட முடியவில்லை. இதைத் தங்கைக்கும் உரக்கப் படித்துக்காட்டவும்.

கணக்கில் அறுபதுக்குக் குறைந்தால், எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் மகளை அறிவியல் பிரிவிலிருந்து எடுத்துவிடுவேன் என்றீர்களே, அன்றே நான் களத்தில் இறங்கிவிட்டேன். ஊரையே சலித்து ஒரு டீச்சரைப் பிடித்தேன் (எதிர்வீட்டு மாடியில்தான் இருக்கிறார், அது வேறு விஷயம்). ஒரே பிள்ளைக்கு ஒரே டீச்சர். வகுப்பு நிறையத் தலைகளுக்கு நடுவே நம் பெண்ணும் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நம் சாப்பாட்டு மேசையில் ஒளிய இடமேது? ஆனால் இந்த அம்மாள் பாடமே நடத்தவில்லை மாப்பிள்ளை. "நீ போடு. மனசுல என்ன நினைக்கிறியோ அதை வாயால சொல்லிக்கிட்டே போடு" என்றார். தப்பாகப் போட்டாலும் கன்னத்தில் கைவைத்துச் சும்மா இருக்கிறார். பொறுக்கமாட்டாமல் நானே விடையைச் சொன்னேன். அடுப்பங்கரையில் என்னைத் தேடுகிறார்கள் என்றார் டீச்சர். அங்கே ஒருவரும் தேடவில்லை. கதவோரம் நின்றே காதில் வாங்கினேன்: அடைப்புக்குறிக்கு முன்னால் மைனஸ் இருந்தால், உள்ளே முதல் எண்ணுக்கு மட்டும் குறியை மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுகிறாள். வருஷக்கணக்காக இந்த ஒரே ஓட்டையில்தான் எல்லாக் கணக்கும் ஒழுகியிருக்கிறது. மற்ற டீச்சர்கள் விடையைப் பார்த்துத் தப்பு என்று சுழித்தார்கள். இவர் பென்சில் தயங்கும் இடத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு பெண்ணுக்கு வாய் முளைத்துவிட்டது. வீட்டுச் சாவியைக் கயிற்றில் கட்டி ஆட்டி, கயிறு நீண்டால் ஆட்டம் ஏன் மெதுவாகிறது என்று அத்தைக்குப் பாடம் எடுக்கிறாள். நாங்கள் கதவைப் பூட்டி வெளியே போய் நாளாயிற்று.

முடிவாக, பரீட்சையில் தொண்ணூற்றிரண்டு. தலைமையாசிரியரே வீடு தேடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். ஆகவே பிரிவை மாற்றும் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள்.

நீங்களும் தங்கையும் நோய்நொடி இல்லாமல், என் சொல்லைத் தட்டாமல் நூறாண்டு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையே குறியான மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உங்கள் மகள் படித்துவிட்டாள். தலைமையாசிரியர் வரவில்லையாம். டீச்சரைக் கண்டுபிடித்தது அவள் அத்தையாம். மார்க் அறுபத்தொன்றாம். தொண்ணூற்றிரண்டு என்றால் அப்பா அசந்துபோவாரே என்றேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன் என்ற பிறகுதான் திருப்பித் தந்தாள்:

"அப்பா அசர வேணாம் மாமா. என் அறுபத்தொண்ணுல ஒவ்வொரு மார்க்கும் எப்படி வந்துச்சுன்னு கேட்டா நான் சொல்லுவேன். நீங்க சேர்த்த முப்பத்தொண்ணுக்கு யாரு சொல்றது?"