இருபத்தோராம் கம்பிக் காதை

வாழ்க ஷவ்கி! அலெக்சாந்திரியாவின் கர்மூஸில் மூன்றாம் மாடி ஆண்ட கோமான், பிறர் செய்த இயங்குதளம் எதையும் தொடேன் எனச் சூளுரைத்துத் தன் கையாலேயே ஒன்று படைக்கத் துணிந்த விசைவிரல் வேந்தன், வெள்ளி நண்பகலில் பழங்கணினிமுன் போர்க்கோலம் பூண்டு அமர்ந்தான். உடுத்தது கோடுபோட்ட கலாபியா அங்கி. ஏந்தியது தேநீர்க் குவளை.

மேசை வேண்டி நின்ற மனையாட்டி இன்ஷிராஹ் முரசறைந்தாள்: "ஏங்க, பழைய சாமான்காரன் தெருமுனைக்கு வந்துட்டான். அவன் நம்ம வாசலுக்கு வர்றதுக்குள்ள இந்தப் பொட்டி என் பேரை அரபில எழுதணும். இல்லைன்னா கழுதை வண்டில ஏத்திடுவேன்!"

"எழுதும் தாயே! நீயே உன் கையால தட்டு, அது எழுதும்!"

அரபு எழுத்தோ அண்டை எழுத்தைக் கண்டதும் உருமாறும் மாயாவி. தலையில் ஒன்று, இடையில் ஒன்று, கடையில் ஒன்றென வேடம் தரிக்கும் அப்படை முழுதும் தங்க நினைவகத்தின் முதல் மெகாபைட்டில் இடமில்லை. எல்லைக்கப்பால் பரந்த வெற்றுநிலம் கிடந்தது. அந்தோ! அங்கே அனுப்பிய எழுத்தெல்லாம் செக்குமாடுபோல் சுற்றிவந்து முதல் மெகாபைட்டின் தலைவாசலிலேயே விழ, அங்கிருந்த ஆணைகள் மிதிபட்டுக் கணினி மூர்ச்சித்தது. ஒருமுறையல்ல, பதினேழு முறை.

"சோடா தெளிச்சுப் பாருங்களேன்," என்றாள் இன்ஷிராஹ்.

நினைவக முகவரி சுமக்கும் கம்பிகளுள், எல்லைக்கப்பால் வழிவிடும் இருபத்தோராம் கம்பி அடைபட்டிருந்தது. அதன் திறவுகோலையோ, எந்தப் பித்தன் வகுத்த விதியோ, விசைப்பலகையை மேய்க்கும் சில்லு ஒன்று மடியில் முடிந்து வைத்திருந்தது.

"பீக்யா! ரோபா பீக்யா!" எனத் தெருவில் பழைய சாமான்காரனின் சங்கம் முழங்கிற்று.

வெகுண்டான் ஷவ்கி. அச்சில்லுக் காவலனிடம் பேசுகையில் குறுக்கே எவரும் பேசலாகாதென்று முதலில் விசைப்பலகையின் வாயைக் கட்டினான், காவலன் கை ஒழியுமட்டும் காத்தான், கட்டளை எய்தான், மீண்டும் காத்தான். மதகுடைத்த நைல் வெள்ளமென இருபத்தோராம் கம்பி திறக்க, எழுத்துப்படை எல்லை தாண்டிப் பாய்ந்து பாளையமிறங்கிற்று. முதல் மெகாபைட்டில் ஓரணுவும் கலங்கவில்லை. திரையில் ஒளிர்ந்தது அழகிய அரபு: "பெயரைத் தட்டுக."

"தட்டு, என் கண்ணே, தட்டு!" எனக் கர்ஜித்து வீரன் இருகரம் விரித்து விலகி நிற்க, இன்ஷிராஹ் ஒரு விரலால் தட்டினாள். பிறகு பத்து விரலாலும் தட்டினாள். விசைப்பலகையின் கட்டிய வாயை அவிழ்க்க மறந்ததை மாவீரன் உணர்ந்த அக்கணத்தில், கழுதை வாசலில் நின்றது.

சாயங்காலம் அந்த மேசையில் இன்ஷிராஹ் பட்டாணி உரித்தாள்.