மூன்றாவது கோட்

தெருமுனையைத் தாண்டுவதற்குள் பழைய காரின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை வண்டியை ஓரங்கட்டினான். நாளைக் காலை காரை வாங்க ஆள் வருகிறார்!

கார் மாமனாருடையது. கல்யாணப் பேச்சில் பெண் வீட்டார் அத்தனை பேரும் உதட்டைப் பிதுக்கியபோது, "பையன் தங்கம்" என்று தனி ஆளாக நின்றவர் அவர். அந்த நன்றியை எப்படிக் காட்டுவது என்று மாப்பிள்ளை காத்துக்கொண்டிருந்தான்.

சந்தர்ப்பம் வந்தது. "காரை வித்து ஷெட்டைக் காலி பண்ணுங்க" என்று மாமியார் ஒற்றைக்காலில் நிற்கிறார். ஆனால் இதுவரை வாங்க வந்த மூன்று பேரும், கார் கொதிக்கிறது என்று பாதி வழியில் இறங்கிப் போய்விட்டார்கள். கறுப்புப் பெயிண்ட் அடித்தால் ரேடியேட்டர் சூடு சீக்கிரம் இறங்கும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். மாமனார் வெளியூர் போனதும் பிரஷ்ஷை எடுத்துவிட்டான்.

இப்போது மாமனாரின் வழக்கமான மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"என்ன பெயிண்ட் சார் அடிச்சீங்க?"

"வாசல் கேட்டுக்கு வாங்கினது மீதி இருந்துச்சு. ரெண்டு கோட், நல்லா தடிமனா."

"அய்யய்யோ! அது மூச்சு விடறதே அந்தத் தகடு இடுக்கு வழியாத்தான். ஸ்பிரேயில லேசா ஒரு தூவல் போதும். நீங்க கம்பளி போத்தி விட்டிருக்கீங்க!"

பெயிண்டைக் கரைக்க மாப்பிள்ளை தின்னரை ஊற்றினான். பெயிண்ட் இளகி, இடுக்குகளில் இறங்கி, சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். தகடுகள் பாயைப் போலப் படுத்துவிட்டன. அந்த அலங்கோலத்தை மறைக்க மூன்றாவது கோட். பார்ப்பவர் கண் அந்தப் பக்கமே போகாமலிருக்க, சக்கரங்களைக் கழற்றி பிரேக் டிரம்முக்குச் சிவப்பு. உட்புறம், பிரேக் கட்டை உரசும் இடத்தைக்கூட விடவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "உள்ள யாருங்க பார்க்கப் போறாங்க?"

"மாமா காரு. அரைகுறையா விட மனசு வரலை."

மறுநாள் வாங்க வந்தவர் ஓட்ட, பக்கத்தில் இரவே ஊர் திரும்பிய மாமனார், பின்னால் மாப்பிள்ளை. இரண்டாவது தெருவில் ஆவி. மூன்றாவது தெருவில் விசில். பதறிப்போய் அவர் பிரேக்கை மிதித்தார். கார் சற்று யோசித்துவிட்டு, கிறீச்சிட்டபடி நகர்ந்து, குப்பைத் தொட்டியில் சாய்ந்து நின்றது. நாலு சக்கரத்திலும் தீய்ந்த பெயிண்ட் நாற்றம்.

"நீங்களே வெச்சுக்குங்க சார்!" வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார்.

"மாமா... எல்லாம் என்னாலதான். மன்னிச்சிடுங்க."

மாமனார் அவன் இரு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் தளும்பியது. "மாப்பிள்ளை..." என்றார். மாமியாரிடம் விஷயத்தைச் சொல்ல வீட்டை நோக்கி நடந்தார். மாப்பிள்ளை அந்த முதுகைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நின்றான்.

கயிறு கட்டி இழுக்க மெக்கானிக் வந்தான். குனிந்து ரேடியேட்டரைப் பார்த்தான். பிறகு மாப்பிள்ளையை மரியாதையோடு பார்த்து, பையிலிருந்து ஒரு சாக்குத் துண்டை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டான்.

"வாங்க ஆள் வர்றப்பல்லாம் விடியக்காலையில வந்து காத்துப் போகாம ரேடியேட்டர் முன்னாடி இதைச் சொருகச் சொல்வாரு உங்க மாமனார்; இனிமே மாப்பிள்ளையே பார்த்துக்குவார்னு சொல்லி அனுப்பிட்டாரு சார்!"