சோயாக் கொண்டக்டரும் பதினொரு பாட்டும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், மகளின் நாலாஞ்சடங்கு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோயாவைப் பரிமாறிவிட்டு, அதன் பின்னரும் அவர்களால் சம்பந்தி என்று அழைக்கப்பட்ட மனிதர் ஒருவர்தான். ஊர் அவருக்கு இட்ட பெயர் சோயாக் கொண்டக்டர்.

கலியாண நாளில் இலையில் மரக்கறி, நான்காம் நாளில் இறைச்சி. எங்கள் பக்கத்தில் இந்த ஒழுங்கை மீற எவரும் துணிந்ததில்லை. மாப்பிள்ளை கல்குடாவைச் சேர்ந்தவர். கடலை நம்பி வாழும் குடும்பம். அவருடைய தாய்மாமன் மூன்று முறை கறி வாங்கி உண்டுவிட்டு, ஆடு எந்த ஊர் ஆடு என்று அன்போடு விசாரித்தார்.

"ஆடில்ல அண்ணன், சோயா. பயறு, கௌபி மாதிரி அதுவும் ஒரு கொட்டைதான்."

கொண்டக்டர் அகப்பையை இறக்காமலே சொன்னார். எழுந்து போவதா, நான்காம் முறை வாங்குவதா என்று தாய்மாமன் வெகுநேரம் யோசித்தார். இறுதியில் இலையைச் சற்று முன்னே தள்ளி, "பசி ஆறினாப் புறகு கோபிப்பம், இப்ப போடுங்க" என்றார்.

கொண்டக்டர் இருபத்தேழு ஆண்டுகள் மட்டக்களப்பு – பொலன்னறுவை பஸ்ஸில் பணிபுரிந்தவர். சிலருக்குத் துறவு குருவின் சொல்லால் வரும். அவருக்கு வாழைச்சேனையில் ஏறிய மீன்கூடைகளால் வந்தது. மீனை விட்டவர், பொலன்னறுவைச் சந்தையில் சோயாக் கொட்டையைக் கண்டார். அன்றுமுதல் அதன் தூதரானார். பயணச்சீட்டோடு உபதேசமும் கொடுத்தார். ஓட்டமாவடியில் இறங்க வேண்டிய வியாபாரிகள், உபதேசம் முடியவில்லை என்பதால் அடுத்த தரிப்பிடம்வரை போய் நடந்து திரும்பியதுண்டு.

பஸ் பழக்கம் அவரை விட்டு நீங்கவேயில்லை. தகரத்தில் ஒரு தட்டல் என்றால் நில், இரண்டென்றால் போ. வீட்டிலும் அப்படியே. விருந்தாளியின் வயிறு நிறைந்தது என்பதை அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. "உள்ளுக்கு இன்னும் இடமிருக்கு" என்று மேசையில் இரண்டு தரம் தட்டுவார். அகப்பை மீண்டும் புறப்படும்.

குற்றமற்ற தூதர் என்று சொல்வதற்கில்லை. தொடக்கத்தில் கொட்டையைச் சரியாக வேகவைக்காமல் உண்டுவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார். அன்று அந்த பஸ் கால அட்டவணையில் இல்லாத இடங்களிலெல்லாம் நின்றது. சோயா ஆண்களுக்கு ஆகாது என்றொரு பேச்சு ஊரில் கிளம்பிய போது, அவர் வாதாடவில்லை. மீசை வளர்த்தார். பேச்சு பரவப் பரவ மீசையும் பரவியது.

இந்த மனிதரிடம் நான் அகப்பட்டது என் குரலின் பொருட்டு.

தபால் கந்தோரில் ஓய்வு பெற்றதும் தீட்சை பெற்று மச்ச மாமிசத்தை விட்டவன் நான். கோயிலில் தேர்நாளன்று சுவாமியின் முன் நின்று ஒரு பதிகத்தைப் பதினொரு பாட்டும் ஓதுவது பல ஆண்டுகளாக எனக்குக் கிடைத்த பேறு. ஓராண்டு ஏழாம் பாட்டின் நடுவே மூச்சு அறுந்தது. கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். கோயில் நிருவாகம் பார்க்கும் வண்ணக்கர் வீடு தேடி வந்து, வரும் ஆண்டு பதிகத்தை றெக்கோட்டில் போடலாமா என்று மெதுவாகக் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் அன்பு இருந்தது. அதனால்தான் அதிகம் வலித்தது.

கிளினிக்கில் வைத்தியர், என் பேத்தி வயதுடைய பெண், உடம்பில் புரதம் போதாது என்றார். முட்டை, மீன் என்று தொடங்கியவரை நான் கைகூப்பி நிறுத்தினேன். என்ன உண்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஐயா, சைவமா இருக்கிறது பிழையில்ல. சோறும் சொதியும் மட்டும் சாப்பிடுறதுதான் பிழை."

செய்தி எப்படியோ கொண்டக்டரை எட்டியது. மறுநாளே, கோழிச் சுவையூட்டிய சோயாமீற் பைக்கட்டுடன் வந்து நின்றார். அதன்மீது அச்சடித்த ஒரு கோழி, தனக்கு நேர்ந்தது எதுவும் அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தது. நான் தொட மறுத்தேன். உயிரைக் கொல்லாமல், கொன்றதன் சுவையை மட்டும் நாவுக்குக் கொடுப்பது விரதமா, விரதத்தின் வேடமா? இக்கேள்வியை விரிவாகவே அவர்முன் வைத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"ஐயா விட்டது கொலையையா, ருசியையா?"

"இரண்டையும்."

"அப்ப பைக்கட் வேணாம். கொட்டையைத் தாறன். அதில ருசியே இல்ல."

வாழ்நாளில் அவர் சோயாவைக் குறைத்துச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

மீண்டும் வைத்தியரிடம் போனோம். பயிர்களில் இறைச்சிக்கு நிகரான புரதம் தருபவற்றுள் சோயாவும் ஒன்று, தாராளமாக உண்ணலாம் என்றார். நன்றாக அவிக்க வேண்டும். சுவையூட்டிய பைக்கட்டில் உப்பு அதிகம், என் பிறசருக்கு ஆகாது. தைரொயிட் குளிசை எடுப்பதானால் அதையும் இதையும் ஒன்றாக எடுக்கக்கூடாது என்றார். அந்தக் குளிசை எனக்கில்லை. ஆண்களுக்கு ஆகாதா என்பதைக் கொண்டக்டர் தாமே கேட்டார். உணவாக உண்ணும் அளவில் அப்படி ஒன்றும் இல்லை என்று வைத்தியர் சொன்னதும், மீசையைத் தடவிக்கொண்டார். இதையே மூன்று வேளையும் தின்னாதீர்கள், பயறும் உழுந்தும் கீரையும் கூடவே வேண்டும் என்று வைத்தியர் முடித்தபோது மட்டும் அவர் முகம் சற்று வாடியது.

அதன்பின் நாள்தோறும் காலையில் வந்தார். ஊறவைத்துத் தோல் நீக்கி, குழைய அவித்த கொட்டையை முருங்கையிலையோடு சுண்டித் தருவார். ஒரு நாள் பயறு, ஒரு நாள் கௌபி என்று வைத்தியர் சொல்லுக்கும் இடம் கொடுத்தார். உண்டு முடித்ததும் என்னை எழுந்து நின்று ஓதச் சொல்வார். முதல் வாரம் மூன்று பாட்டு. பின்பு நான்கு. நான் உட்காரப் பார்த்தால் மேசையில் இரண்டு தட்டல் விழும்.

பதிகத்தின் பொருளை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனையாவது பாட்டு என்பதை மட்டும், தரிப்பிடங்களைப்போல, விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

தேர்நாள் வந்தது. எனக்கு இடம் தந்த வண்ணக்கர், முன்னெச்சரிக்கையாக ஒலிபெருக்கிக்காரரையும் பொத்தானில் விரல்வைத்து நிற்கச் செய்திருந்தார். ஆறு பாட்டுகள் ஓடின. ஏழாவதில், சென்ற முறை அறுந்த அதே அடியில், மூச்சு தயங்கியது. கால் தளரவில்லை, தளர்ந்தது மனம். கூட்டம் என்னைப் பார்த்தது. ஒலிபெருக்கிக்காரர் வண்ணக்கரைப் பார்த்தார்.

பின்னால் எங்கோ ஒரு தூணில் இரண்டு தட்டல் கேட்டது.

பதினொன்றையும் ஓதி முடித்தேன். தீபத்தின் ஒளியில் சுவாமியின் திருமுகம் கரைந்து தெரிந்தது. கண்ணில் நீர் நிறைந்திருந்ததே காரணம். கொண்டக்டரோ அன்னதானப் பந்தியில் நின்று, கடலைக் கறியில் ஏன் சோயா சேர்க்கவில்லை என்று சமையற்காரரோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிளினிக்கில் என் இரத்தப் பரிசோதனை தேறியிருப்பதாக வைத்தியர் காட்டினார். தட்டலைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

இப்போது கொண்டக்டருக்கு முழங்கால் பஸ் படி ஏற ஒத்துழைப்பதில்லை. கல்குடாவில் மகள் வீட்டில் இருக்கிறார்; அங்கே மூன்று வேளையும் மீன் ஆணம் மணக்கிறதாம். வெள்ளிக்கிழமைகளில் கிரான் சந்தியில் நான் நிற்பேன். பஸ் வரும். இளம் கொண்டக்டர் ஒருவர், அவர் கொடுத்தனுப்பிய கொட்டைப் பொதியை என் கையில் தந்து, தகரத்தில் இரண்டு தரம் தட்டுவார், பஸ் போய்விடும். அந்த ஓசையைக் கேட்ட பிறகுதான், அன்று மாலைப் பூசைக்கு என் குரல் வரும் என்று எனக்கு நம்பிக்கை பிறக்கிறது.