பதினோரு படிகளும் ஒரு தலையணையும்

ஷர்மினி சிவப்புப் பேனாவை எடுத்து, வில்லியம் காப்புரிமைக்காக எழுதிக் கொண்டுவந்த பதினோரு படிகளில் நான்காவதை அடித்தாள்.

"இது முடியாது அங்கிள்."

"ஏம்மா, எழுத்து புரியலையா?"

"நல்லாப் புரியுது. ஊசி இருக்கு."

"ஊசி போடாம மூட்டுக்குள்ள மருந்து எப்படிம்மா போவும்?"

"அது உங்க ஆஸ்பத்திரி கவலை. சட்டத்துல, மூட்டுக்குள்ள ஊசி இறங்குனா அது சர்ஜரி. சர்ஜரி செய்யிற முறைக்கு யாருக்கும் பேட்டன் கிடையாதுலா."

"நான் சர்ஜரியே பண்ணலையே. படம்தானே எடுக்குறேன்?"

"படம் எடுக்கப் போற வழியில சர்ஜரி இருக்கே. நாளைக்கு ஒரு டாக்டர் ஊசிய கையில வச்சுக்கிட்டு, 'இது யாரு பேட்டன்'னு எனக்கு போன் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா? அதுக்குத்தான் இந்தச் சட்டம்."

வில்லியமுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருடமாக எக்ஸ்ரே எடுக்கிறார். பினாங்குத் தீவின் பாதி எலும்புகள் அவர் கை வழியாகப் போனவை. தெருவில் எதிரே வருகிறவர் முகம் அவருக்கு நினைவுக்கு வராது; ஆனால் அவர் திரும்பி நடக்கும்போது, "அட, நாலாவது முதுகெலும்பு" என்று அடையாளம் கண்டு கை அசைப்பார். இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு. அத்தனை வருடத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் பெயர் இருந்தது ஒரே ஓர் இடத்தில்தான்: எக்ஸ்ரே அறையில் மாட்டிக்கொள்ளும் ஈய அங்கியின் உட்பக்கம், மார்க்கர் பேனாவில். அதிலும் வியர்வை பட்டுப் பாதி அழிந்து, 'வில்' மட்டும் மிச்சம்.

ஓய்வுபெற்றுப் போவதற்குள் எதன் மீதாவது முழுப் பெயரும் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது.

தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கு மூட்டுக்குள் சாயமருந்தை ஊசியால் ஏற்றிப் படம் எடுப்பார்கள். ஊசி நுழைந்ததும் நோயாளி துள்ளுவார், படம் கலங்கும். வில்லியமின் முறையில் யாரும் துள்ளுவதில்லை. கையை இப்படி வை, தலையை அப்படித் திருப்பு, மூச்சை விடு, பதின்மூன்று எண்ணு என்று பதினோரு படிகள். ஊசி போடுவது டாக்டர் மோகனராஜ். எப்போது போட வேண்டும் என்று கண்ணைக் காட்டுவது வில்லியம்.

டாக்டர் அதைக் கோலாலம்பூரில் ஒரு மாநாட்டில் 'நம் முறை' என்று சொல்லி, நினைவுப் பரிசு வாங்கி, அந்தப் புகைப்படத்தை ஆஸ்பத்திரி நடையில் மாட்டியிருந்தார். திரும்பி வந்த அன்று, "வில்லியமுக்கு ஒரு கோப்பி வாங்கிக் குடுங்க" என்றார். அந்தக் கோப்பியின் கசப்பு இன்னும் வில்லியமின் நாக்கில் இருந்தது. அதனால்தான் யாருக்கும் சொல்லாமல் பீச் ஸ்திரீட்டில், மாடியில், ஷர்மினியின் பேட்டன் அலுவலகத்துக்கு வந்தார். ஷர்மினி, அவர் மகன் ஷேனோடு படித்தவள்.

யாருக்கும் சொல்லாமல் என்றால், மனைவி ரோசம்மாவுக்கு மட்டும் சொல்லியிருந்தார். ரோசம்மா ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நாற்பது பேருக்குச் சொன்னாள். சான்றிதழுக்கென்று கண்ணாடிச் சட்டம் ஒன்றும் வாங்கி, வெறும் சட்டமாகவே கூடத்தில் மாட்டிவிட்டாள். வந்தவர்கள் அதைப் பார்த்து, "யாரு, காலமாயிட்டாரா?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

அடுத்த வாரம் வில்லியம் ஊசியை எடுத்துவிட்டு வந்தார்.

"மருந்து ஏற்கெனவே உள்ளே இருக்குன்னு எழுதியிருக்கேன்."

"எப்படி உள்ள போச்சு?"

"அத நாம ஏம்மா கேக்கணும்?"

"அவங்க கேப்பாங்க அங்கிள். ஊசி இல்லாம இது வேலையே செய்யாது. ஒளிச்சு வச்சா மட்டும் இல்லன்னு ஆயிடுமா? அப்புறம் இன்னொண்ணு. உடம்ப வச்சு நோயக் கண்டுபிடிக்கிற முறைக்கும் பேட்டன் இல்ல."

"மனுச உடம்புதானே? ஆடுன்னு போட்டுருவோம்."

"மனுசன், மிருகம் ரெண்டும் சட்டத்துல இருக்கு."

வில்லியம் ஜன்னல் வழியே பார்த்தார். படகுத்துறைப் பக்கம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"செத்தவங்க?"

ஷர்மினி சிரிக்கவில்லை. தடித்த புத்தகம் ஒன்றைப் புரட்டினாள். யாருக்கோ போன் செய்து கேட்டாள். "செத்தவங்களுக்குத் தடை இருக்காதுன்னுதான் தோணுது" என்றாள்.

ஒரு நிமிடம் வில்லியமின் முகம் மலர்ந்தது.

"ஆனா அங்கிள், மூணாவது படியில 'மூச்சை விடச் சொல்ல வேண்டும்'னு போட்டிருக்கீங்க."

மூன்றாவது படி போயிற்று. அதோடு எண்ணச் சொல்வது, தலையைத் திருப்பச் சொல்வது, வலித்தால் சொல்லச் சொல்வது எல்லாம் போயின. தாள் முழுக்கச் சிவப்பு. கடைசியில் இரண்டாவது படி மட்டும் தனியாக நின்றது: 'கையைத் தலையணை மேல் வைக்கவும்.'

"இது என்ன தலையணை?"

"சும்மா, ஒரு தலையணை. அங்க அட்டெண்டண்டா இருக்கிற நோர்மா தச்சது."

"பொருளுக்குத் தடை இல்ல அங்கிள். முறைக்குத்தான் தடை. அதக் கொண்டாங்க, பாக்கலாம்."

நோர்மா தாசேக் கெலுகோரிலிருந்து தினமும் பெரிப் படகு ஏறி வருகிறவள். சுற்றிலும் தமிழ் வீடுகள் இருந்த தோட்டத்துப் பக்கம் வளர்ந்ததால், ஷேனைவிட நன்றாகத் தமிழ் பேசுவாள். நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு நாள், பழைய பாத்தேக் துணியில் இலவம்பஞ்சு அடைத்து, ஒரு முனை தடிப்பாக, ஒரு முனை மெலிவாக, நடுவே ஒரு குழி விட்டுத் தைத்து எடுத்துவந்தாள். மத்தியானம் தூங்குவதற்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து வில்லியம் அவளைத் திட்டியது ஆஸ்பத்திரி வாசல்வரை கேட்டது. அப்புறம் அந்தத் தலையணை எப்படியோ எக்ஸ்ரே மேசையிலேயே தங்கிவிட்டது. அந்த வருடம்தான் வில்லியமின் முறையும் பிறந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

சாயங்காலம் அதை ரொட்டிப் பையில் அமுக்கி, மேலே இரண்டு ரொட்டியை வைத்து வெளியே கொண்டுபோனார்.

மறுநாள் காலை முதல் நோயாளி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஊசி பட்டதும் எழுந்த வேகத்தில் மருந்துத் தட்டை உதைத்தார். தட்டு போய் டாக்டரின் முழங்காலில் பட்டது. இரண்டாவது ஆள் மலாயிலும் தமிழிலும் மாறி மாறிக் கத்தினார். மூன்றாவது படம், புகைமூட்டம் வந்த மாதத்தில் எடுத்த கொம்தார் கோபுரம் போல இருந்தது. வில்லியம் ஒரு படியையும் விடவில்லை. பதின்மூன்று எண்ணினார். இருபத்தாறு எண்ணினார்.

டாக்டர் மோகனராஜ் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மேசையைப் பார்த்தார். வில்லியம் ஒரு முறை மாவுக்கட்டோடு ஒரு மாதம் வேலைக்கு வந்தபோது அதைக் கவனிக்காத மனிதர் அவர்.

"வில்லியம், தலையணை எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கு டாக்டர்."

மறுநாள் ரோசம்மாவின் தலையணையைக் கொண்டுவந்தார். நோயாளி துள்ளவில்லை, தூங்கிவிட்டார். ஆனால் அவர் விட்ட குறட்டையில் படம் ஆடியது. அதற்கடுத்த நாள் ஈய அங்கியைச் சுருட்டி வைத்தார். அது சரிந்து மேலே விழுந்த கனத்தில் ஒரு அம்மாவின் இடது கை மரத்துப்போய், வலது தோளுக்கு வந்தவர் இடது தோளுக்கும் சீட்டு எழுதச் சொன்னார்.

வில்லியமுக்கு ஒன்று புரிந்தது. புரிந்ததை அவர் தமக்கே சொல்லிக்கொள்ளவில்லை. நோர்மாவிடம் போனார்.

"அந்த மாதிரி இன்னொண்ணு தச்சுக் குடு நோர்மா."

"பழசு எங்கண்ணே?"

"எலி கடிச்சிருச்சு."

"எக்ஸ்ரே ரூம்லயா?"

"ஆமா."

"பெரிய எலியா இருக்கும்" என்றாள் நோர்மா.

மறுநாள் புதுத் தலையணை வந்தது. அன்று பதின்மூன்று எண்ண மறந்துவிட்டார். படம் கண்ணாடி போல வந்தது.

ஷர்மினி தலையணையை நீளம், அகலம், சாய்வு எல்லாம் அளந்து வைத்திருந்தாள். விண்ணப்பத்தை நீட்டினாள்.

"கண்டுபிடிச்சவர் பேரு. இதுல பொய் இருந்தா பின்னாடி பிரச்னை ஆயிடும் அங்கிள். தச்சது நோர்மான்னு சொன்னீங்களே?"

"தச்சதுதான் அவ. யோசனை என்னோடது."

"அவங்க பேரையும் சேத்துப் போட்டுரலாமா?"

"அவளுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? ஒரு கோப்பி வாங்கிக் குடுத்தாப் போதும்."

சொல்லிவிட்டு, 'ஆர். வில்லியம்' என்று நிதானமாக, ஒவ்வோர் எழுத்தும் அழியாதபடி அழுத்தி எழுதினார்.

"அனுப்புறதுக்கு முன்னாடி, இதே மாதிரி வேற யாராவது பதிஞ்சிருக்காங்களான்னு ஒரு தேடல் போட்டுப் பாக்குறேன்" என்றாள் ஷர்மினி.

"தலையணைய யாரும்மா பதியப் போறா?"

அவள் போன் வந்தபோது அவர் ஆஸ்பத்திரி நடையில், டாக்டரின் நினைவுப் பரிசுப் படத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"அங்கிள், இருக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடியே போட்டிருக்காங்க. அதே சாய்வு, அதே குழி. இலவம்பஞ்சு வரைக்கும் எழுதியிருக்கு."

"யாரு?"

"கடிதம் அனுப்ப வேண்டிய விலாசம் உங்க ஆஸ்பத்திரிதான். டாக்டர் மோகனராஜ் பார்வைக்குன்னு போட்டிருக்கு. ஆனா அங்கிள், கண்டுபிடிச்சவர் பேரு வந்து..."

வில்லியம் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார். உள்ளேயிருந்து ஷர்மினி அவர் நெஞ்சோடு சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

எக்ஸ்ரே அறையில் டாக்டர் இல்லை. நோர்மா ஸ்டூலில் உட்கார்ந்து, தலையணையின் ஓரத்தில் பிரிந்த நூலைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"நோர்மா, நீதான் எனக்குச் சாட்சி."

"எதுக்குண்ணே?"

"இந்த மனுசன் திருடன். என் முறையத் தூக்கிட்டுப் போய் மேடையில சொன்னான், பொறுத்துக்கிட்டேன். இப்ப இந்தத் தலையணையவும் பேட்டன் போட்டு வச்சிருக்கான். அடுத்தவன் உழைப்புல தன் பேர எழுதிக்கிறானே, அவன் மனுசனா? முப்பத்தோரு வருசம். ஒரு இடத்துல என் பேரு இருக்கா, சொல்லு."

நோர்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"டாக்டர் பேர்ல இல்லண்ணே. என் பேர்ல."

வில்லியம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்; ஷர்மினி எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.

"டாக்டரும் முதல்ல ஊசியத்தான் எழுதிக்கிட்டுப் போனாராம்" என்றாள் நோர்மா. "பேட்டன் ஆபீசுல ஒவ்வொண்ணா வெட்டி வெட்டி, கடைசியில தலையணைய மட்டும் விட்டாங்களாம். இது யாரு செஞ்சதுன்னு கேட்டாங்களாம். பொய் எழுதினா வம்புன்னு, மூஞ்சிய உம்முன்னு வச்சுக்கிட்டு வந்து எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போனாரு. அண்ணே வருத்தப்படுவீங்கன்னு நான் சொல்லல."

வில்லியம் ஆணியில் தொங்கிய ஈய அங்கியைப் பார்த்தார். கூடத்தில் தொங்கும் கண்ணாடிச் சட்டம் நினைவுக்கு வந்தது.

"அப்ப என் பேரு?" என்றார். "என் பேரையும் சேத்துப் போடச் சொல்லியிருக்கலாம்ல நோர்மா? நாலு வருசமா ஒண்ணா நிக்கிறோம்."

"சொன்னேண்ணே" என்றாள் நோர்மா, தலையணையைத் தட்டிக் குழியைச் சரிசெய்தபடி. "'தலையணைக்கு வில்லியம் என்ன செஞ்சாரு?'ன்னு டாக்டர் கேட்டாரு. நானும் ரெண்டு நாளு யோசிச்சுப் பாத்தேண்ணே."