ஆறு பேர் உள்ளே, ஆறு பேர் வெளியே

தாயில்பட்டி
21.6.2007, வியாழக்கிழமை

அன்பு மகன் முனியராஜுக்கு அப்பா செல்லச்சாமி எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா வள்ளித்தாயும் இரண்டு ஆடுகளும் சுகமாக இருக்கிறோம். சுகமில்லாமல் கிடப்பது நீ வாங்கச் சொன்ன கம்ப்யூட்டர் ஒன்றுதான். சிங்கப்பூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி பிடிக்காமல், அச்சுக் கம்பெனி முதலாளியிடம் நல்ல பெயரோடு இருக்க மாரியம்மன் துணை.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் எழுதுகிறாரே என்று நினைப்பாய். போன் இல்லை. இன்டர்நெட்டும் இல்லை. இரண்டும் எப்படி இல்லாமல் போயின, பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நீ எங்களைக் கூப்பிட்டபோது உன் பக்கம் வெறும் நாற்காலிகள் மட்டும் ஏன் தெரிந்திருக்கும் என்பதை நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். முப்பத்தோரு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவன் நான். எங்கேயாவது ஒன்று வெடித்தால் ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. இதில் ஒன்றும் வெடிக்கவில்லை, அதனால்தான் எழுதக் கஷ்டமாக இருக்கிறது.

இன்டர்நெட் போன் வந்துவிட்டால் மணிக்கணக்கில் பேசலாம், முகத்தையும் பார்த்துக்கொள்ளலாம், இனிமேல் அந்தப் பழைய போன் எதற்கு, சரண்டர் பண்ணிருங்க என்று நீ சொன்னாய். சொன்னாயா இல்லையா? விருதுநகரில் இருந்து கம்ப்யூட்டர்க்காரர் வந்து உன் அறையில் எல்லாவற்றையும் மாட்டினார். மினுக் மினுக்கென்று எரிகிற ஒரு டப்பாவையும் பக்கத்தில் வைத்தார். கரண்டில் ஓடுகிற, சூடாகிற, மினுக்குகிற சாமானை ஒரு அறையில் வைத்தால் அந்த அறைக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்தேன். வாசலில் மண் நிரப்பிய சிவப்பு வாளி ஒன்று, தண்ணீர் வாளி ஒன்று. நிலையில் ஒரு செம்புத் தகடு அடித்தேன், உள்ளே போகிறவர்கள் கையை அதில் வைத்து உடம்பில் இருக்கிற கரண்டை இறக்கிவிட்டுப் போகலாம், நம் கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குள் போவது போலத்தான். கதவில் சாக்பீஸால் ‘நாலு பேருக்கு மேல் கூடாது’ என்று எழுதினேன். கம்ப்யூட்டர்க்காரர் சிரித்தார். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகட்டைத் தொட்டுத்தான் போனார். உன் அம்மா மட்டும் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், அவள் எந்த ரூலுக்குக் கட்டுப்பட்டாள்.

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை டெலிபோன் ஆபீசில் போய் சரண்டர் மனு கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘மகன் சொன்னது’ என்று எழுதினேன். அங்கே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நல்லா யோசிச்சுத்தான் குடுக்கீகளா என்று ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டார். மனுஷன் என்னமோ சொல்ல வாயெடுத்தார், நான்தான் யோசித்து முடித்தாயிற்று, சீல் குத்துங்க என்று சொன்னேன். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. திங்கட்கிழமை கட் ஆகும் என்றார். நான் சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பெண் வீட்டார் வந்தார்கள். உனக்கு முப்பத்தொன்று நடக்கிறது. இதற்கு முன்னால் எட்டு இடம் வந்து எட்டும், மாப்பிள்ளையை நேரில் பார்க்காமல் போட்டோவை வைத்து எப்படி என்று நழுவிப் போனது. உனக்கோ தீபாவளி வரை லீவு கிடையாது. ஆனியில் பேசி முடிக்காவிட்டால் ஆடி பிறந்துவிடும், பிறகு பேச்சே எடுக்க முடியாது. நான் வெளியே காட்டிக்கொள்வதில்லையே தவிர எனக்கும் அந்தக் கவலைதான், ராத்திரி உன் அம்மா புரண்டு படுப்பது எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. அதனால்தான் கம்ப்யூட்டரில் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று நீ சொன்னதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை.

வந்தவர்கள் நாலு பேர். வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்து பெத்தணன், அவர் சம்சாரம் சுப்புலட்சுமி, சுப்புலட்சுமியின் அண்ணன் வெள்ளைத்துரை, பெண் பானுப்பிரியா. பெரியவர்கள் மூன்று பேரும் நம்மைப் போலவே பட்டாசுக் கம்பெனி ஆட்கள், மருந்து வாசம் தெரிந்த குடும்பம். பெண் விருதுநகரில் ஏதோ சென்டரில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறதாம், என்ன பாடம் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் இரண்டு பேர். ஆக வீட்டுக்குள் ஆறு பேர். எந்த ரூமுக்குள் யார் போனாலும் எண்ணிவிடுவது எனக்குப் பழக்கம். எல்லோரும் தகட்டைத் தொட்டார்கள், யாரும் எதற்கு என்று கேட்கவில்லை, அதிலேயே எனக்கு அந்தக் குடும்பத்தைப் பிடித்துப்போயிற்று. பெண், பெண்ணின் அப்பா, அம்மா, உன் அம்மா, ஆக நாலு பேரை உள்ளே விட்டேன். வெள்ளைத்துரை ஹாலில் உட்கார்ந்தார். நான் போர்மேன் நிற்கிற இடத்தில், வாசலில் நின்றேன்.

பத்து மணி பத்து நிமிஷத்துக்கு நீ கூப்பிட்டாய். கம்ப்யூட்டர்க்காரர் காட்டிக்கொடுத்த பச்சைப் பொத்தானை உன் அம்மா அமுக்கினாள். உன் நெற்றியும் ஒரு காதும் வந்தன, அப்படியே நின்றன. உன் பேச்சு வரவில்லை. சத்தத்தைக் கூட்டி வைக்கச் சொன்னது நான்தான், ஸ்பீக்கர் இரண்டும் முழுசாகத் திறந்திருந்தன. அப்போது ‘ஸ்ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. முதலில் மெல்லமாக, பிறகு வேகமாக. முனியராஜு, அந்தச் சத்தம் என்னவென்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரி பிடித்துவிட்டது. அடுத்து என்ன ஆகும் என்று யோசிக்கிறவன் போர்மேன் இல்லை. யோசித்தவர்கள் யாரும் இப்போது நம்மோடு இல்லை. நான் ஒரே சத்தமாக ‘ஓடுங்க’ என்றேன்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்தால் என்ன ஏதென்று கேட்டிருப்பார்கள். நம்ம ஆளுக கேக்கல. சுப்புலட்சுமி சேலையை இடுப்புல செருகிட்டு முன்வாசல் வழியா ஒரே பாய்ச்சல், அவளைத் தாண்டிக்கிட்டு பெத்தணன், அந்த ரூமுக்குள்ளேயே இல்லாத வெள்ளைத்துரை அதுக்கு முன்னாலயே தெருமுக்கு டீக்கடையில நிக்காரு. உன் அம்மா அடுப்படி வழியாகப் பின்வாசலுக்கு ஓடினாள். நான் கடைசியாக, முறைப்படி, முன்வாசல் வழியாக வந்தேன். வந்ததும் தலையை எண்ணினேன். என்னோடு சேர்த்து முன்னால் நாலு பேர். நம் வீட்டுப் பின்பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் தெருவையே சுற்ற வேண்டும் அல்லவா, அதனால் கூரை தாண்டிக் கேட்கும்படி, அங்கன எம்புட்டுப் பேரு என்று கத்தினேன். ரெண்டு பேரு என்று உன் அம்மா பதில் கொடுத்தாள். நாலும் ரெண்டும் ஆறு. கணக்கு சரி. அந்த நிமிஷம்தான் எனக்கு மூச்சே வந்தது.

பதினைந்து நிமிஷத்துக்கு யாரும் உள்ளே போகக் கூடாது என்பது ரூல். வெயிலில் நிறுத்தி வைத்தேன். ஒன்றும் வெடிக்கவில்லை. பதினாறாவது நிமிஷம் நான் முதலில் போனேன். திரை கறுப்பாக இருந்தது, சத்தம் இல்லை. இருந்தாலும் அணைந்தது போலத் தெரிகிறதை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு. மண் வாளியைக் கம்ப்யூட்டர் மேல் கவிழ்த்தேன். பிறகு தண்ணீர். அந்த மினுக்கு டப்பாவுக்கும் கொஞ்சம். அதற்குள் பெண் அடுப்படிப் பக்கமிருந்து வந்து நின்றது, முகத்தில் பயமே இல்லை. நல்ல தைரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

உன் அம்மா கேசரி வைத்தாள். பெத்தணன் கால் பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம், ஒரு செருப்பைக் காணவில்லை, யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேசரியைத் தொடவில்லை. கலந்துக்கிட்டு போன்ல சொல்லுதோம் என்று மட்டும் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே கிளம்பினார். அவர்களிடம் இருப்பது ஜாதகத்தோடு நாம் எழுதிக்கொடுத்த பழைய போன் நம்பர். திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அது கட் ஆனது. இன்டர்நெட்டும் அந்த ஒயரில்தான் வந்துகொண்டிருந்தது என்று கம்ப்யூட்டர்க்காரர் வந்து மண்ணைத் தட்டிவிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் பிழைக்காது என்றும் சொன்னார். டெலிபோன் ஆபீஸ்காரர் ஏன் இரண்டு தடவை கேட்டார் என்று அப்போது விளங்கியது.

பதினொரு நாள் ஆகிவிட்டது. அவர்கள் சம்மதம் என்றாலும் சொல்ல வழியில்லை, வேண்டாம் என்றாலும் சொல்ல வழியில்லை. ஆனால் நகம் பெயர்ந்தவர் சம்மதம் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. கடைசியாகப் பேசியது இதுதான்: “எட்டுப் பேரு அவுகளா வேண்டாம்னு போனாக. ஒம்பதாவது வந்தவுகள நீங்களே வெரட்டி விட்டுட்டீக.” நீயும் கோபத்தில்தான் இருப்பாய். தப்பு என்னுடையது. உனக்கு ஒரு நல்லது நடக்க வேண்டிய நேரத்தில் குறுக்கே நின்றவன் நான்தான் என்று நினைக்கும்போது மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது. பழைய போனுக்குத் திரும்ப மனு கொடுத்திருக்கிறேன், காரணம் என்ற இடத்தில் ‘அப்பா சொன்னது’ என்று எழுதினேன். இனி இந்த வீட்டுக்குள் இன்டர்நெட் வராது. பானுப்பிரியாவை மறந்துவிடு. பத்தாவது இடம் வந்தால் உன் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக எடுத்து அனுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி. எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் வெளியே வருகிற வழி எங்கே என்று முதலில் பார்த்து வைத்துக்கொள். நூறாயுசாக இருக்க அப்பாவும் அம்மாவும் மனசாரக் கும்பிட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
செ. செல்லச்சாமி, போர்மேன் (ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற நேரத்தில் பெத்தணன் வந்துவிட்டார். கையில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. திங்கட்கிழமையில் இருந்து நம் நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தார்களாம். நேரில் வரலாமென்றால் சீசன் நேரம், லீவு கிடைக்கவில்லையாம். நேற்று ராத்திரி நீதான் அவர்கள் வீட்டுக்குப் போன் பண்ணி, எங்க வீட்டுப் போன் அடிக்கவே மாட்டேங்குது, ஒரு எட்டு பாத்துட்டு வாங்க மாமா என்றாயாம். மாமாவா? எப்போதிருந்து மாமா என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது.

அந்தப் பிள்ளை ஓடவே இல்லையாம். நான் எல்லோரையும் வெயிலில் நிறுத்தி வைத்திருந்த பதினைந்து நிமிஷமும் நாற்காலியில் உட்கார்ந்து உன்னோடு பேசியிருக்கிறது. அது பாடம் எடுப்பதே கம்ப்யூட்டர்தானாம். ‘ஸ்ஸ்ஸ்’ என்று வந்தது நீ அடுப்பில் வைத்திருந்த குக்கராம், முதல்ல போய் அத எறக்கி வைங்க என்பதுதான் அது உன்னிடம் பேசிய முதல் பேச்சாம். பேசி முடித்து, அவர்கள் வீட்டுப் போன் நம்பரையும் உனக்குச் சொல்லிவிட்டு, அதுவே கம்ப்யூட்டரை அணைத்தும் வைத்திருக்கிறது. அதன் மேல்தான் நான் மண்ணைக் கொட்டியிருக்கிறேன். பெண் உன் அம்மாவோடு பின்வாசலில் இருப்பதாக சுப்புலட்சுமி நினைத்தாள், சுப்புலட்சுமியோடு முன்வாசலில் இருப்பதாக உன் அம்மா நினைத்தாள். பின்வாசலில் நான் எண்ணிய ரெண்டாவது ஆள், மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கலாம் என்று அங்கே வந்து நின்ற பக்கத்து வீட்டுப் பத்திரகாளி.

முப்பத்தோரு வருஷத்தில் தலை எண்ணிக்கையில் நான் தவறியது இதுதான் முதல் தடவை. நிஜமாகவே திரியாக இருந்திருந்தால் என்று நினைத்ததும் அன்றைக்கு வந்தவர்களை விரல் விட்டு மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். பெத்தணனுக்கும் அதே சங்கடம்தான், பெற்ற பிள்ளை வருகிறதா என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடினோமே என்றுதான் அன்றைக்குத் தலை குனிந்து போனாராம், தான் ஓடவே இல்லை என்று பஸ்ஸில் வைத்துத்தான் பெண் சொல்லியிருக்கிறது. பிறகு அவர் சொன்னார்: “அவள நாங்க கம்பெனிப் பக்கமே விட்டதில்ல சம்பந்தி. அதான் புள்ளைக்கு ஓடத் தெரியல.”

ஆகவே மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். ஆவணியில் கல்யாணம், லீவு இல்லை என்று சொன்னால் அந்தக் கம்பெனியை விட்டுவிடு. இன்டர்நெட் திரும்ப வருகிறது, உன் அம்மாவின் உத்தரவு. அவள் இப்போது என்னோடு பேசுகிறாள். பெத்தணன் போன பிறகு அவளிடம், கல்யாணம் முடிஞ்சு வந்ததும் அந்தப் பிள்ளைக்கு எப்படி ஓடணும்னு நான் ஒரு நாள் சொல்லிக் குடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.